நான்கு சமையல், ஒரு டயட்

எடை குறைய மாட்டேன் என்கிறது என்று ஒரு குடும்பப் பெண் வாய் திறந்து சொன்னால் போதும், கேட்பவரிடம் பதில் தயாராக இருக்கிறது: “உனக்கு மனசுல உறுதி இல்லம்மா.” மருத்துவர் இதையே கொஞ்சம் பக்குவமாகச் சொல்வார். யூடியூபில் உடம்பைக் குறைத்துக் காட்டியவர் உரக்கச் சொல்வார். கணவர், “உனக்கு வாய்க்கட்டு கிடையாது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நாளடைவில் அந்தப் பெண்ணே அதை நம்பிவிடுகிறாள். திங்கட்கிழமை தொடங்கிய டயட் வியாழக்கிழமை நின்றுபோனால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஊக்கம் தேடி இன்னொரு வீடியோவைத் திறக்கிறாள்.

இந்தக் கருத்து தவறு, அநியாயமும்கூட. ஆளுக்கொரு சமையல் கேட்கும் குடும்பத்துக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போடும் ஒருத்தி டயட்டில் நிலைக்க முடியாமல் போவதற்கு அந்த வீட்டின் சமையல் ஏற்பாடுதான் காரணம். அதைத் தொடாமல் அவளுக்கு ஊக்கம் ஊட்டிக்கொண்டே இருப்பது, ஏற்கெனவே சுமப்பவள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கத்து வீடுகளைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்து 2014-இல் மூடிக்கொண்டு போனது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், அதன் பிறகு டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் இன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் படப்பையிலும் வல்லத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் குடியேறியிருக்கின்றன. ஏ ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ். பி ஷிப்ட் என்றால் வீடு வந்து சேர ராத்திரி பதினொன்றைத் தாண்டும். நைட் என்றால் ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வந்து படுக்கை. ஷிப்ட் மாறுகிற வாரமெல்லாம் வீட்டின் சாப்பாட்டு நேரமும் மாறுகிறது. மாறுகிற நேரத்துக்கெல்லாம் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பவள் மட்டும் மாறுவதில்லை.

முதலில் மன உறுதி வாதத்தை ஒரு கணக்கோடு உரசிப் பார்ப்போம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015–16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். 2019–21-இல் அது 40.4 விழுக்காடு. ஆண்களிடம் 28.2 என்பது 37 ஆனது. ஐந்தாறு ஆண்டுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பெண்கள் ஒட்டுமொத்தமாக மன உறுதியை இழந்துவிட்டார்களா? ஒரு மாநிலத்தின் பெண்களுக்கு ஒரே சமயத்தில் குணம் கெட்டுப்போகுமா? மாறியது வேறு. உழைப்பின் வகை மாறியது, தூக்கத்தின் நேரம் மாறியது, பலசரக்குப் பையில் வருவது மாறியது, வீட்டுக்கு வீடு ஒரே வேளையில் கேட்கப்படும் உணவு வகைகளின் எண்ணிக்கை மாறியது. இதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை: 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. எடை கூடிய மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தம் போதவில்லை. அதிகமாகத் தின்று கொழுத்தவர்களின் கதை இப்படியா இருக்கும்? வயிறு நிறைந்தும் சத்து சேராதவர்களின் கதை இது.

அப்படி எப்படி ஆகிறது என்று அறிய ஒரு அடுப்படிக்குள் நின்று பார்க்க வேண்டும். படப்பையில் இரண்டு அறை போர்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பகுதியில் தெருவுக்குப் பத்து வீடு இப்படி இருக்கும். கணவருக்கு ஒரகடத்தில் உதிரிபாக கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாமியாருக்குச் சர்க்கரை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. அந்தப் பெண்ணும் ஒரு கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட் போகிறார்; எட்டு மணிக்குக் கேட்டில் இருக்க வேண்டும். நாலரைக்கு எழுகிறார். மாமியாருக்குக் கேழ்வரகுக் கஞ்சி. மகனுக்குத் தோசை; சட்னி ஆகாது, சர்க்கரை தொட்டுக்கொண்டால்தான் இறங்கும். மகளுக்கு டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். காய்கறிப் பொரியல் வைத்தால் மூடி திறக்காமல் வரும். கணவருக்கு பி ஷிப்ட் வாரம் என்றால் மதியச் சாப்பாடு வீட்டில். காரக்குழம்பு, முட்டைப் பொரியல், அப்பளம். சுரைக்காய், புடலங்காய், பூசணி எல்லாம் அவருக்கு “தண்ணிக்காய்”, தட்டில் விழக் கூடாது. எண்ணிப் பாருங்கள், நான்கு சமையல். இதற்கு மேல் ஐந்தாவதாக இவருடைய டயட்: வேகவைத்த காய், கொஞ்சம் சுண்டல், இரண்டு முட்டை.

ஐந்தாவது சமையல் எந்த நாளில் விழும் என்று யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. நேரம் போதாத முதல் நாளே விழுந்துவிடும். சுண்டலுக்கு முந்தின இரவே ஊறவைக்க வேண்டும். அந்த இரவில் கணவர் பதினொன்றரைக்கு வந்து சாப்பிட்டிருப்பார். காலையில் மகன் தோசையைப் பாதி தின்றுவிட்டு வேன் சத்தம் கேட்டு ஓடுவான். சர்க்கரை தொட்ட அந்தப் பாதித் தோசையை யார் தின்பது? குழம்பில் உப்பு பார்க்கக் கையில் விட்டுக்கொண்டது, வறுவல் வெந்ததா என்று வாயில் போட்டது, சாயங்காலம் மகள் திருப்பிக்கொண்டுவந்த அரை டப்பா சாதம், இரவு பானையில் ஒட்டிக் கிடந்த கடைசிக் கரண்டி — இவை எதுவும் சாப்பாடு என்று கணக்கில் ஏறுவதில்லை. தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதுதான் சாப்பாடு. நின்றபடி போட்டுக்கொண்டது “வீணாக்காமல் இருந்தது”. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. எண்ணெய் குடித்த வறுவலில் நாலு துண்டும், தோசைக்குச் சுற்றிவிட்ட எண்ணெயும், மிஞ்சிய சாதமும் சேர்ந்தால் டயட் அட்டவணையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அரிசியின் அருமை தெரிந்த வீட்டில் வளர்ந்தவர். மிஞ்சியதைக் கொட்ட அவருக்குக் கை வராது. அந்தக் கையை வாய்க்கட்டு இல்லாதவளின் கை என்று சொல்பவர்கள் அந்த வீட்டில் ஒரு நாள் பாத்திரம் கழுவியவர்களாக இருக்க மாட்டார்கள்.

மன உறுதியைப் பற்றி உளவியல் என்ன கண்டது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஊக்க உரையாளர்கள் எப்போதும் உளவியலைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் ராய் பாமைஸ்டர் குழுவினர் 1998-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அப்போதுதான் சுட்டெடுத்த சாக்லேட் பிஸ்கட் மணக்கும் அறையில் சிலரை உட்காரவைத்து, முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். அவர்கள் பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். மன உறுதி செலவாகித் தீரும் சரக்கு என்ற எண்ணம் இதிலிருந்து பரவியது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து இந்த விளைவை மறுபடி சோதித்தபோது அது சொல்லிக்கொள்ளும்படி கிடைக்கவில்லை. அப்படியானால் சுயகட்டுப்பாடு மிக்கவர்கள் என்று நாம் வியப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழுவினர் 205 பேரிடம் கையடக்கக் கருவி கொடுத்து, நாள் முழுக்க அவர்களுக்கு என்ன ஆசை எழுந்தது, எதை எதிர்த்துப் போராடினார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 2012-இல் வந்த முடிவு ஊக்க வியாபாரத்தை அப்படியே கவிழ்க்கிறது. கட்டுப்பாடு மிக்கவர்கள் ஆசையோடு அதிகமாகப் போராடியவர்கள் அல்ல. போராட வேண்டிய கட்டமே அவர்களுக்குக் குறைவாக வந்தது. ஆசை எதிரே வராத மாதிரி அவர்களுடைய நாள் அமைந்திருந்தது.

இதை அந்தப் படப்பை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். கண்ணில் படாமல் வை, வீட்டில் வாங்காதே, அந்தப் பக்கம் போகாதே என்பதுதான் டயட் அறிவுரையின் சாரம். அந்தப் பெண் அதைத் தன் கையால் நறுக்குகிறார், தாளிக்கிறார், வறுக்கிறார், ருசி பார்க்கிறார், பரிமாறுகிறார், மிஞ்சியதை எடுத்து வைக்கிறார். நாள் முழுக்க எதிரே நிற்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு எதிர்த்து நில் என்று சொல்வது அறிவுரையாகாது.

“சரி, மத்தவங்களுக்கு வேணுங்கறத செஞ்சு குடுத்துட்டு, உனக்கு தனியா ஏதாவது செஞ்சுக்க” என்பது அடுத்த பதில். கேட்க நியாயமாகத் தோன்றும். மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ டயட் அலை வந்தபோது நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இது நடந்தது: ஆணுக்கு டயட் என்றால் மனைவி அவருக்குத் தனியாகப் பனீரும் முட்டையும் கறியும் செய்து கொடுத்தாள், அவர் இளைத்தார், ஊரெல்லாம் அவருடைய மன உறுதியைப் பாராட்டியது. மனைவிக்கு டயட் என்றால் அதைச் செய்து கொடுக்க யார் இருக்கிறார்கள்? டயட்டில் வென்ற ஆண்கள் பலரின் வெற்றிக்குப் பின்னால் இன்னொருவருடைய கூடுதல் ஒரு மணி நேர அடுப்படி வேலை இருக்கிறது. அது கணக்கில் வருவதே இல்லை. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். வீட்டு வேலையை எட்டிப் பார்க்காத ஆண்கள் இந்த 88-இல் சேர்த்தியே இல்லை.

தனிச் சமையல் என்றதும் கையில் எடுத்துக் கொடுக்கப்படுவது சிறுதானியம். வரகு, சாமை, தினை இவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வீட்டுக்கெல்லாம் வெள்ளைச் சாதம் வடித்துவிட்டு அம்மா மட்டும் சாமைச் சோறு தின்பதுதான் வழி என்பதை ஏற்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் நீரிழிவு ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. இந்தியர்கள் பெறும் கலோரியில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ வைத்தால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை; மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் குறைகிறது என்றும் சொன்னது. தட்டில் சோற்றின் அளவு குறைந்து பருப்பும் காயும் முட்டையும் ஏற வேண்டும் என்பதே இதன் பொருள். இது அம்மாவுக்கு மட்டும் வேண்டிய மாற்றமா? 2023-இல் இதே ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று காட்டியது. மாமியாருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. ஷிப்ட் மாறி மாறிப் போகும் கணவருக்கு வரக்கூடிய ஆபத்து கூடுதல். சுழற்சி இரவுப் பணி பார்த்த அமெரிக்கச் செவிலியர்களிடம் ஆண்டு கூடக்கூட நீரிழிவு ஆபத்து கூடியதை 2011-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த வீட்டில் டயட் தேவைப்படாத ஆள் யார்? நோய் எல்லோருக்கும் பொதுவாக வரப்போகிறது, டயட் மட்டும் ஒருத்திக்குத் தனியாக என்பது எந்தக் கணக்கில் சேரும்?

வீட்டுக்கே ஒரே சமையல் என்பதற்கு எதிராக வரும் உண்மையான தடை ஒன்றுதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை: “எங்க வீட்ல சாப்பிட மாட்டாங்க.” ஒருவருக்கு இது ஆகாது, இன்னொருவருக்கு அது ஆகாது, பிறவிக் குணம், மாற்ற முடியாது என்று சொல்கிறார்கள். இங்கேதான் இந்தப் பகுதி ஒரு நல்ல சாட்சியைத் தருகிறது. சுரைக்காய்க் கூட்டைத் தொடாத அதே கணவர் கம்பெனி கேன்டீனில் என்ன செய்கிறார்? வரிசையில் நின்று தட்டை நீட்டுகிறார். அன்று சுரைக்காய் என்றால் சுரைக்காய், பூசணிக்காய் சாம்பார் என்றால் பூசணிக்காய் சாம்பார். பிரேக் முடிவதற்குள் தின்றுவிட்டு லைனுக்குத் திரும்புகிறார். கேன்டீன் சமையல்காரரிடம் “எனக்கு மட்டும் காரக்குழம்பு” என்று கேட்க அவருக்குத் தோன்றுவதே இல்லை. 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது. ஆளுக்கொரு சமையல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் எழுதவில்லை, எந்தத் தொழிலாளியும் கேட்கவில்லை.

பிள்ளைகளும் அப்படித்தான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி போட்ட சாம்பார் என்று கிழமைக்கு ஒன்று. உப்புமாவென்றால் வீட்டில் முகத்தைத் திருப்பும் பிள்ளை, வரிசையாக உட்கார்ந்து பக்கத்துப் பையனோடு பேசிக்கொண்டே தட்டைக் காலி செய்கிறது. நாக்கு அதேதான். பள்ளியில் அடம் பிடித்தால் இன்னொரு சமையல் வராது என்று அதற்குத் தெரியும். வீட்டில் அடம் பிடித்தால் வரும் என்றும் தெரியும். ஆக, நாம் பிறவிக் குணம் என்று சொல்வதில் பெரும்பகுதி, வீட்டில் ஒரே ஒருத்தியிடம் மட்டும் செல்லுபடியாகும் பேரம். அவள் மாற்றிச் செய்து கொடுப்பாள் என்ற உறுதியில் பிறந்த வழக்கம்.

புதுக் காயைப் பிள்ளை துப்பினால் அத்தோடு விட்டுவிடுகிறோம். லீயான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத உணவுகளைத் திரும்பத் திரும்பச் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். எதை அதிக முறை சுவைத்தார்களோ அதன் மேல் விருப்பம் கூடிற்று. ஒன்றிரண்டு முறையில் வருவதில்லை அது. பத்து, பதினைந்து முறை ஆகலாம். “இதைத் தின்னா அது தரேன்” என்று பரிசு காட்டினால் தின்னச் சொன்ன உணவின் மேல் விருப்பம் குறைகிறது என்பதையும் அவர் குழுவே பிறகு காட்டியது. எதைச் சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது பெரியவர் பொறுப்பு. அதில் எவ்வளவு தின்பது, தின்னாமல் விடுவது என்பது பிள்ளையின் உரிமை என்று எல்லின் சாட்டர் என்ற உணவியலாளர் வகுத்துச் சொன்னார். கெஞ்சுவதும் இல்லை, திணிப்பதும் இல்லை, மாற்றிச் செய்து கொடுப்பதும் இல்லை. ஒரு வேளை குறைவாகத் தின்ற பிள்ளை அடுத்த வேளை ஈடுகட்டிக்கொள்ளும்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மதிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சில உணவின் தொடுகையே தாங்க முடியாததாக இருக்கும். அதை அடம் என்று சொல்லக் கூடாது. பல்லில்லாத பெரியவருக்குக் குழைய வேகவைக்கத்தான் வேண்டும். ஒவ்வாமை, சிறுநீரக நோய் இவற்றுக்கு மருத்துவர் சொன்ன உணவு தனிதான். இவற்றைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் எஞ்சி நிற்பது வெறும் பழக்கம்.

“ஆளுக்குப் பிடிச்சதச் செஞ்சு போடறதுதானே அம்மாவோட அன்பு?” என்பார்கள். பிள்ளைக்குப் பிடித்ததைச் செய்யும் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு வீடே காத்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அன்பு என்பது ஒருத்தியின் முழங்கால், சர்க்கரை அளவு, தூக்கம் ஆகியவற்றைத் தின்று வளர வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது? அந்த அன்பைத் திருப்பிக் கொடுக்கும் முறை கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எப்போது வரும்?

வீட்டுச் சமையலின் சுமை எவ்வளவு என்பது தெரியாமல் யாரும் பேசவில்லை என்பதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு அதிகம் என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் சர்ச்சையின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். கல்யாணமான பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு முழு வேலை காத்திருக்கிறது என்பது ஆள் எடுக்கும் பேச்சில் எல்லோருக்கும் தெரிகிறது. அதே பெண் எடை குறையவில்லை என்றால் மட்டும் அந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய், அவளுடைய மனசு ஒன்றே காரணமாகிவிடுகிறது.

இன்னொன்றையும் இந்தப் பகுதி மறந்திருக்காது. 2021 டிசம்பரில் இதே ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில்தான் வேலை மறுபடி தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்தப் பெண்களின் உடம்பு கெட்டபோது யாரும் அவர்களுடைய மனதைத் திருத்தப் போகவில்லை. சமையல் கூடம் எப்படி இருக்கிறது, தங்குமிடம் எப்படி இருக்கிறது, யார் பொறுப்பு என்றுதான் கேட்டார்கள். சரியான கேள்வி அது. இரண்டு அறை போர்ஷனில் ஒரு பெண்ணின் உடம்பு பத்து ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போதும் அதே கேள்விதான் கேட்கப்பட வேண்டும்.

அப்படிக் கேட்டால் கிடைக்கும் பதில் பெரிய செலவு பிடிக்காதது. வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு சமையல். ஒரு குழம்பு, ஒரு காய், ஒரு பருப்போ முட்டையோ மீனோ. மாமியாருக்கு அதே சாம்பாரில் சோறு குறைத்து, காய் கூட்டி. மகனுக்குக் காரம் போடும் முன் எடுத்து வைத்தது. கணவருக்கு அதே குழம்பு, வேண்டுமானால் ஊறுகாய். அம்மாவுக்கும் அதே தட்டு. அளவு மட்டும் வேறு. ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். அரிசி தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதையே தட்டின் முக்கால் பங்காக்க வேண்டியதில்லை. பருப்பைக் கெட்டியாகப் போடலாம், முளைகட்டிய பயறையும் கொண்டைக்கடலையையும் வாரத்தில் நாலு நாள் சேர்க்கலாம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் தேவை என்கிறது ஐசிஎம்ஆர். ஒரு முட்டையில் ஆறு கிராம். ரசமும் சாதமும் அப்பளமுமாக ஒரு நாளை ஓட்டுகிறவருக்கு அந்த 46 எங்கிருந்து வரும்?

எண்ணெய்க்கு மாத அளவு ஒன்றை வீட்டோடு பேசி வையுங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று உணவியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவில் தொடங்கலாம். டப்பா தீர்ந்தால் அந்த மாதம் வறுவல் கிடையாது என்பது வீட்டுக்கே தெரிந்திருக்கட்டும். அதைச் சொல்லும் பொல்லாப்பு அவளுக்கு மட்டும் வேண்டாம். மிஞ்சியதை எடுத்து வைப்பது சாப்பிட்டவர் பொறுப்பு. பாதித் தோசையை விட்டவன் அதை மூடி வைத்து, சாயங்காலம் அவனே தின்ன வேண்டும். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காரும் வழக்கம் ஒழிய வேண்டும். வீட்டில் இருக்கிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், சட்டியின் அடியில் மிஞ்சியதுதான் அவள் பங்கு என்ற நிலை தானாகப் போகும்.

இதில் அவளுடைய முயற்சிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. “நாளையிலிருந்து ஒரே சமையல்தான்” என்று சொல்லிவிட்டு, முதல் இரண்டு வாரம் வீட்டில் எழும் முணுமுணுப்பைத் தாங்குவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை அவள் ஒருமுறை செலவழித்தால் போதும். நாளுக்கு நாலு முறை வறுவல் சட்டியின் முன் நின்று செலவழிக்க வேண்டியதில்லை.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பெண் சர்க்கரை கூடிவிட்டது, எடை குறையவில்லை என்று வந்தால், அவர் கையில் டயட் அட்டையைக் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்? ஒரு வேளைக்கு எத்தனை வகை? மிஞ்சியதை யார் தின்கிறார்? கணவரையும் உள்ளே கூப்பிட்டு, அட்டையை அவர் கையில் கொடுங்கள்.

ஷிப்ட் பார்க்கும் ஆண்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பி ஷிப்ட் வாரத்தில் காலை முழுக்க வீட்டில்தான் இருக்கிறீர்கள். கம்பெனியில் மெஷின் செட்டிங் மாற்றத் தெரிந்த கைக்குக் குக்கர் வைக்கவும் காய் நறுக்கவும் தெரியாமல் போகாது. வருகிற பி ஷிப்ட் வாரத்தில் மதியச் சமையலை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கேன்டீனில் தின்கிற அதே சுரைக்காயில் கூட்டு வையுங்கள். உங்கள் மனைவிக்கு உறுதி இருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பை அதுவரைக்கும் நிறுத்தி வையுங்கள்.